தெளிந்த தண்ணீரை நம்பாதவர்

வாலாஜாபாத்தில் என் மகள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறையில் வேலை பார்த்த முருகேசன் சைக்கிளிலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, சிகாமணி அண்ணன் விடியக்காலம் போய்ட்டாரும்மா."

அம்பாள் மேல் சத்தியம், அழுவதற்கு முன்னால் நான் குடத்தைத்தான் தேடினேன்.

"இன்னாம்மா தேடிக்கினு இருக்கற?" என்றாள் மகள்.

"பாலாத்து ஊத்துல தண்ணி எடுக்கணும்டி. சித்தப்பாவ நம்ம கெணத்துத் தண்ணியில குளிப்பாட்டக் கூடாது. அவரே சொல்லி வெச்சது."

ஊற்றில் குடத்தை நிரப்பிக்கொண்டு காஞ்சிபுரம் பேருந்தில் ஏறினோம். கண்டக்டர் கிண்டல் செய்தார். "காஞ்சிபுரத்துல தண்ணியே இல்லியாம்மா? குடத்துக்கும் சேத்து டிக்கெட் வாங்கிக்க."

"சாவுக்குப் போறோம்ண்ணே" என்றாள் மகள். அவர் குடத்தைத் தூக்கி, ஆடாத இடமாகப் பார்த்து வைத்தார்.

அந்தக் குடம் எதற்கென்று தெரிய வேண்டுமானால் தெய்வசிகாமணியைத் தெரிய வேண்டும். அவர் என் கணவரின் தம்பி. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் சாயப்பட்டறை. நூலை அலசிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். புளிப்பு இருந்தால் இன்னொரு அலசல். சாயக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இவர் என் ரசத்தையும் விட்டுவைக்கமாட்டார். "அண்ணி, இன்னும் ரெண்டு அலசு அலசணும்" என்பார். நான் கரண்டியை ஓங்குவேன்.

பட்டறைக் கழிவு கொல்லைக் குழியில் இறங்கும். குழிக்கு அந்தப் பக்கம் தெருவுக்கும் அம்மன் கோயிலுக்கும் பொதுவான கிணறு. எங்கள் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஓர் ஆடிப்பூரத்தன்று, கிணற்றுத் தண்ணீரில் அம்மனுக்கு அபிஷேகம் நடந்தது. முடிந்து பார்த்தால் அம்மன் மேல் சாத்தியிருந்த வெள்ளைத் துணி இளஞ்சிவப்பாக இருந்தது. ஆடிப்பூரத்தில் அம்மன் பெரியவளானாள் என்று வளையல் சாத்துகிற ஊர் இது. பெண்கள் குலவையிட்டார்கள். நானும் தரையில் விழுந்து கும்பிட்டேன். யாரோ ஒருத்தி சாமி வந்து ஆடினாள்.

சிகாமணி உள்ளே வந்தார். துணியின் நுனியைப் பிழிந்து நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"அண்ணி, இது அம்மன் இல்ல. என்னோட அரக்குச் சாயம். போன வாரம் கல்யாணப் பொடவைக்குப் போட்டது."

குலவை நின்றுபோனது. அன்று அபிஷேகத் தீர்த்தத்தை எல்லோரும் குடித்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் சென்னைக்கு அலையத் தொடங்கினார். சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் புது முறைகளைச் சோதித்துப் பார்க்க சர்க்கார் உதவி செய்கிறது என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்களாம். சுண்ணாம்பு கலந்து வண்டலைப் படியவிட்டு, தேங்காய் ஓட்டுக் கரியும் மணலும் போட்ட தொட்டியில் வடிக்கிற முறை. பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சிமெண்ட்டும் குழாயும் ஆளும் கொடுப்பார்கள். இடம் மட்டும் நாம் கொடுக்க வேண்டும்.

கோயில் தர்மகர்த்தா தணிகாசலம் தெருவைக் கூட்டினார். "ஏன்பா சிகாமணி, நம்ம தண்ணி விஷம்னு ஊரு பூரா தண்டோரா போடப் போறியா? இந்தத் தெருவுல எவன்பா பொண்ணு குடுப்பான்?"

"பொண்ணு குடுக்கறவன் தண்ணியும் கொண்டாந்து குடுப்பானா மாமா?" என்றார் சிகாமணி.

கொல்லையைக் கொடுத்தார். தொட்டிகள் எழும்பின. சென்னையிலிருந்து ரசாயனம் படித்த ஓர் அம்மாள் வந்து போனார். கடைசிக் குழாயில் வருகிற தண்ணீரைச் சிகாமணி விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "ஐயா, இது சமையல் இல்லை. தயவுசெய்து வாயில வைக்காதீங்க" என்று அந்த அம்மாள் கெஞ்சுவார். சிகாமணி சிரிப்பார். அந்த அம்மாள் போன பிறகு மறுபடி வைப்பார். கை அவர் பேச்சைக் கேட்காது.

சில மாதத்தில் குழாயில் கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது. மழை பெய்து ஓய்ந்ததும் கிணறும் தெளிந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. தணிகாசலம் தேங்காய் உடைத்தார். நான் அம்பாளுக்கு மாவிளக்குப் போட்டேன். சென்னையிலிருந்து முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்று சிகாமணி ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவோடு அந்த அம்மாளே வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னார். "சாயம் மட்டும்தான் போயிருக்கு. அதோட கலந்திருந்த உலோகம் தண்ணியிலயே இருக்கு. கிணத்துலயும் இருக்கு."

எனக்குக் கோபம். "அப்போ சர்க்கார் குடுத்ததெல்லாம் வீண்தானே தம்பி?"

"தோத்துச்சுன்னு தெரிஞ்சிக்கிறதுக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க அண்ணி. முன்னாடி செவப்பா வந்து எச்சரிச்சுது. இப்ப வேசம் மாத்திக்கினு வருது. அதான் எனக்குப் பயமா இருக்குது."

மறுநாளே பட்டறையை மூடினார். வேறு முறையில் இன்னொரு சோதனை வேண்டுமென்று சென்னைக்குப் போய்க்கொண்டே இருந்தார். பார்க்கலாம் என்றார்கள். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கோடையில் தெருக்குழாய் வறண்டால் பெண்கள் குடத்தோடு வந்து சண்டை போடுவார்கள்.

"தண்ணி பளிங்காட்டம் இருக்குது. உன் கண்ணுதான்யா கெட்டுப்போச்சு!"

"கண்ணு கெடலம்மா. நாக்குதான் கெட்டுப்போச்சு" என்பார்.

அவர் சொன்னது வேடிக்கை இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அண்ணி, ரசத்துல உப்பு போட்டீங்களா?" என்றார். போட்டிருந்தேன். மறுநாளும் கேட்டார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். வயிறு வீங்கியது, கால் வீங்கியது. டாக்டர் எதனால் என்று சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன். நான் மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் போனா என்னை அந்தத் தண்ணியில குளிப்பாட்டாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. ஆனா அதுக்காக ஒரு தரம் பலகையத் தூக்கினா அப்புறம் மூட மாட்டாங்க."

நான் வீடு வந்து சேர்ந்தபோது பலகை சுவரில் சாத்தியிருந்தது. கொல்லையில் பித்தளை அண்டா நிறையக் கிணற்றுத் தண்ணீர். அடியில் இருக்கும் தேய்ந்த பூ வேலைகூடத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதிலிருந்து மொண்டு குழந்தைக்கு வாய் கொப்பளிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொம்பைப் பிடுங்கினேன்.

"சாவு வூட்டுல சண்டை வேணாம்மா" என்றார் தணிகாசலம்.

பாலாற்றுத் தண்ணீரில்தான் என் கொழுந்தனாரைக் குளிப்பாட்டினோம். ஒரு குடம் போதவில்லை. தலைக்கும் மார்புக்கும் ஊற்றி, மீதியை ஈரத்துணியால் துடைத்தோம். திருநீறு பூசியதும் முகம் பழையபடி ஆனது.

அண்டாத் தண்ணீரை என்ன செய்வது? மண்ணில் கொட்டினால் கிணற்றுக்கே திரும்பிப் போகும். முருகேசனும் நானும் தூக்கிக்கொண்டு போய் அவருடைய முதல் தொட்டியிலேயே ஊற்றினோம். காய்ந்து கிடந்த வண்டல் நனைந்ததும் அரக்குச் சிவப்பு மெல்ல மேலே வந்தது. நிறம் போகவே இல்லை, அடியில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பி, போய் வாருங்கள். பலகையை மூடிவிட்டேன். கிணற்று ராட்டினக் கயிற்றைக் கழற்றி என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். தெருக்காரர்கள் வாசலில் வந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.