டாக்டர் மரகதத்துக்கு நான் சொல்லாத பதில்

காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் ஊர் மருந்தகத்தின் செவிலியர் பாக்கியம். எப்போதும் "வணக்கமுங்க சார்" என்று தொடங்குபவர் அன்று வணக்கம் சொல்லவில்லை. "டாக்டரம்மா தவறிட்டாங்க சார்" என்றார். நான் குடியிருக்கும் திருமுருகன்பூண்டித் தெருவில் சிற்பக் கூடங்கள் அதிகம். விடிந்ததிலிருந்து உளிச் சத்தம் கேட்கும். "அங்க என்னங்க சார் சத்தம்?" என்று கேட்டார். "கல்லு கொத்துதாங்க சிஸ்டர்" என்றேன்.

டாக்டர் மரகதத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மூலனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். படிப்பு முடிந்ததும் சொந்தமாக மருத்துவமனை கட்டித் தருவதாக வீட்டில் சொன்னார்களாம். அவர் பனியன் தொழிலாளர்கள் வரும் மருந்தகங்களில் வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். கணவர் தங்கவேல், காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறார். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், அவர் கருணையே வடிவானவர் என்று பேசினார். அந்த மனிதர் டாக்டரிடம் திட்டு வாங்கியதில்லை போலிருக்கிறது. தலைசுற்றலோடு வந்து, மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாயிற்று என்று சொல்பவரை அவர் திட்டும் திட்டு வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கும். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களைத் தமக்குத் தெரிந்த நாலைந்து இந்திச் சொற்களை வைத்துக்கொண்டே திட்டுவார். அவர்களுக்கும் நன்றாகப் புரியும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள், புள்ளியியல் படித்தவன். அவர் நடத்தவிருந்த ஓர் ஆய்வுக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே, உட்காரச் சொல்லாமல், அவர் விஷயத்துக்கு வந்தார்.

"பிரசர் மாத்திரை மாசாமாசம் குடுக்கறோமுங்க. வாங்க வந்தா அவங்களுக்கு அரை சிப்ட்டு சம்பளம் போகுது. வராட்டி மாத்திரை நின்னு போகுது. மூணு மாசத்துக்குச் சேத்திக் குடுத்துட்டா என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"நல்ல யோசனைதானே டாக்டர்?"

"அதுதானுங்க எனக்குத் தெரியல. மாசாமாசம் வந்தாத்தான் பிரசர் ஏறுறது கண்ணுல படுது. மூணு மாசம் பாக்காம உட்டா எத்தன பேரு உழுகறாங்களோ. தெரியாம ஒண்ண ஊரெல்லாம் பண்ண முடியுங்களா?"

மருந்துச் சோதனை என்றால் பெரிய மருத்துவமனையில் பொறுக்கி எடுத்த நோயாளிகளை வைத்துச் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இது அப்படிப்பட்டதல்ல. அதே மருந்தகம், அதே செவிலியர், அதே வரிசை, அதே மாத்திரை. சில மருந்தகங்களில் மாதந்தோறும் தருவது, சிலவற்றில் மூன்று மாதத்துக்கு மொத்தமாகத் தருவது. வித்தியாசம் அவ்வளவுதான். எந்த மருந்தகம் எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். அன்றாட வைத்தியம் நடக்கிறபடியே நடக்க, அதற்குள்ளேயே பதில் தேடுவது. உலகில் பல இடங்களில் இப்போது இப்படிச் செய்கிறார்கள். திருப்பூரில் இதைச் செய்ய முடியும் என்று அவரைத் தவிர யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இதில் ஒரு விதி உண்டு. அரையாண்டுக்கு ஒரு முறை நான் கணக்கைப் பிரித்து, எந்தப் பக்கம் எத்தனை பேருக்குப் பக்கவாதம், எத்தனை மரணம் என்று பார்த்து, வெளியூரில் இருக்கும் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் ஆபத்து என்று தெரிந்தால் அவர்கள் நிறுத்தச் சொல்வார்கள். வேறு யாருக்கும் அந்த எண்கள் தெரியக் கூடாது. ஆய்வை நடத்துபவருக்குத் தெரிந்தால் அவர் கை அவரை அறியாமலே ஒரு பக்கம் சாயும். விதியை எழுதியவர் டாக்டரே.

"நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றார்.

"நீங்க ஏன் கேக்கப் போறீங்க?"

"கேக்க மாட்டேன்னு என்னங்க நிச்சயம்? நானும் மனுசிதானுங்க."

முதல் அரையாண்டுக் கணக்கை அனுப்பிய மறுநாள் ஏதோ கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போனேன். தலையைக் குனிந்தபடியே, "ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க சார். உங்க மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிப்போடும்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் அடுத்த வாரம் நான் கதவுக்கு வெளியே நின்று காகிதத்தை உள்ளே நீட்டுவேன். கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் வெளியே வரும். அலுவலகத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சிரிப்பெல்லாம் நெருப்பெரிச்சல் விவகாரத்தோடு போயிற்று. கணினி அந்த மருந்தகத்தை மாதந்தோறும் தரும் பக்கத்தில் போட்டிருந்தது. பக்கத்து ஊரில் மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கிப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நெருப்பெரிச்சல் பெண்கள் பாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கணினி என்ன கணினி, நம் ஊர் வழக்கப்படி அம்மனிடம் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனம் துணியாத எதற்கும் இங்கே பூவாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். அன்று வெள்ளை வந்தது. அடுத்த நாளிலிருந்து பாக்கியம் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

எங்களுக்குத் தெரியவரும்போது மாதங்கள் ஓடியிருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டருடன் காரில் போகும்போது வழியெல்லாம் புலம்பினேன். அங்கே அவர் பாக்கியத்தைக் கிழித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். பாக்கியமும் அதையே எதிர்பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் அழுவறாங்கம்மா. அரை சிப்ட்டு போனா கம்பெனியில பேச்சு வாங்கறாங்க. சாமியே சொன்னதுக்கப்புறம் நான் எப்புடி முடியாதுங்கறது?"

டாக்டர் மாத்திரை கொடுத்த பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "சாமி சொன்னது தப்புன்னு நான் சொல்லல கண்ணு. ஆனா மூணு மாசம் நல்லதா கெட்டதான்னு தெரியறவரைக்கும் குலுக்கல்ல உழுந்தபடிதான் நடக்கோணும். நாளையிலருந்து மாசாமாசம் குடு" என்றார்.

திரும்பும் வழியில் நான் சொன்னேன், "இந்த மருந்தகத்தக் கணக்குலேருந்து தூக்கிருவோம் டாக்டர். எல்லாம் கெட்டுப் போகும்லா."

"தூக்கக் கூடாதுங்க. மாசாமாசம் பக்கத்துலயே வெச்சு எண்ணுங்க. பூவாக்குக் கேட்டது, இடையில மாத்துனது எல்லாத்தோடவும்."

"அது தப்புக் கணக்கு."

"நாளைக்கு எந்த முறை ஊரெல்லாம் வந்தாலும் இவங்கதான குடுக்கப் போறாங்க, இவங்கதான சாப்பிடப் போறாங்க? இவங்க பண்ற கோளாறையெல்லாம் கழிச்சுப்போட்டு வர்ற பதிலு யாருக்குங்க வேணும்?"

புள்ளியியலில் அவர் சொன்னதுதான் சரி. எனக்கும் அது தெரியும். கோபத்தில் மறந்திருந்தேன்.

ஈஸ்வரி அந்த மருந்தகத்தின் நோயாளி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர், நாற்பதைத் தாண்டாதவர். மூன்று மாத மாத்திரை கையில் இருந்த காலத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டார். மாதாமாதம் வரச் சொன்னதும் முதல் மாதம் வந்தார். அடுத்த மாதம் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மெஷினில் உட்கார்ந்திருந்தபடியே சரிந்திருக்கிறார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

டாக்டர் துக்கம் கேட்கப் போனார். வேண்டாம் என்று நான் தடுத்தும் போனார். ஈஸ்வரியின் தாயார் வாசலிலேயே அவரை நிறுத்தி, "சாமி குடுத்தத நீங்க பறிச்சுப்போட்டீங்களேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. டாக்டர் வெயிலில் அப்படியே நின்றார். அந்தத் தாயார் உள்ளே போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். நானும் பாக்கியமும்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தோம்.

ஆய்வை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக் கண்காணிப்புக் குழுவுக்கு அன்றே எழுதினார். அவர்கள் என்னிடமிருந்து எண்களை வாங்கிப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். ஒரு பக்கம் மிகத் தெளிவாக ஆபத்து என்றால்தான் நிறுத்துவார்கள். அதற்குக் குறைந்த எதையும் அந்த வரியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர் நோயாளிகளைத் திட்டுவது நின்றுபோனது. வராதவர்களைத் தேடி, விடுமுறை நாளில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாகத் தாமே போய் மாத்திரை கொடுக்கலாமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். அப்படிச் செய்தால் அது வழக்கமான வைத்தியம் ஆகாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பிறகு வயிற்று வலி என்றார். கணையத்தில் புற்று என்று கண்டுபிடித்தபோது அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ஆய்வு முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. அவருக்கு அத்தனை மாதங்கள் இல்லை. இதை அவரே, நோயாளி ஒருவருக்குச் சொல்வதைப் போல, எங்களிடம் சொன்னார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது மஞ்சள் பூத்துக் கிடந்தார். கணவரை வெளியே போகச் சொன்னார். நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் அரையாண்டுக் கணக்கைப் பிரித்திருந்தேன். அவருக்கும் அது தெரியும். இத்தனை ஆண்டுகளாக இந்த வாரத்தில் என் முகத்தைப் பார்க்க மறுத்தவர் அன்று நேராகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். மூணு மாசம் குடுத்திருந்தா ஈஸ்வரி இருந்திருப்பாளா?"

எந்தக் கணக்கும் ஒரு தனி ஆளுக்குப் பதில் சொல்லாது. ஆயிரம் பேரில் எத்தனை என்றுதான் சொல்லும். அதைச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதுங்களா? அந்த ஆயிரத்தச் சொல்லுங்க. அது போதும்."

நான் எழுந்து சன்னல் பக்கம் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். சாகப் போகிறவர். யாரிடமும் சொல்ல மாட்டார். எதையும் மாற்ற அவருக்குத் தெம்பும் இல்லை. சொன்னால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. நீங்களே கேட்டாலும் சொல்லக் கூடாது என்றீர்களே டாக்டர் என்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

"போயிட்டு வாங்க" என்றார். அதில் கோபம் இருந்தது. பெரிய மனசோடு என்னைப் பாராட்டினார் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பாக்கியத்தின் அழைப்புக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூலனூரிலிருந்து உறவினர்கள், மருந்தகச் செவிலியர்கள், காலை ஷிப்டை விட்டுவிட்டு வந்த தொழிலாளர்கள் என்று கூட்டம். தங்கவேல் அவர்கள் என் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"கடேசி வாரமெல்லாம் அதே நெனப்புங்க அவளுக்கு. எங்கிட்டயும் கேட்டா, அவரு மூஞ்சி எப்புடி இருந்துச்சுன்னு. எனக்கு என்னங்க தெரியும். இப்பச் சொல்லிப்போடுங்களேன். எல்லாரையும் செத்த நேரம் வெளிய போகச் சொல்றேன். கண்ணாடியத் தொறந்து உடறேன். காதோட சொல்லிப்போடுங்க. நாங்கூட கேக்க மாட்டனுங்க."

அவர் சொன்னபடியே கூட்டத்தை வெளியேற்றினார். கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தாமும் போனார். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். குளிர் முகத்தில் அடித்தது. நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தார்கள், அவர் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை. குனிந்தேன். எண்கள் நாக்கு நுனியில் இருந்தன. அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கவேல் அவர்கள் வந்து, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மூடியை எடுத்து மூடினார்.

டாக்டரம்மா, இன்னும் சில மருந்தகங்களில் கடைசி முறை ரத்த அழுத்தம் அளக்க வேண்டியிருக்கிறது. அது முடிகிறவரை யாருக்கும் சொல்வதற்கில்லை. நீங்கள் எழுதிய விதி, உங்களுக்கும் சேர்த்துத்தான். கணக்கை எல்லார் முன்னும் திறக்கும் நாளில் நெருப்பெரிச்சல் நீங்கள் சொன்ன பக்கத்திலேயே இருக்கும், ஈஸ்வரியும் அங்கேதான் இருப்பார். அந்தப் பதிலை நீங்கள் கேட்கப் போவதில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் மேல் இருந்த கோபம் தீராமல் போயிருந்தால் தீர வேண்டாம். அதோடேயே போய் வாருங்கள்.