ஏனோக்கின் கால்சட்டையும் மாட்டியாஸின் கரடியும்

படம் பிடிக்க வருகிறவர்களைக் கண்டாலே ஏனோக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். கிரீன்லாந்தின் வடகோடியில், முப்பது வீடுகூடத் தேறாத அந்த ஊரில், கடல் உறைவது வருடா வருடம் தள்ளிக்கொண்டே போனது. கேமராக்காரர்கள் வருவது மட்டும் கூடிக்கொண்டே போனது. எழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவார்கள். பல்லிளித்து நிற்கும் பிள்ளைகளிடம் "சிரிக்காதே" என்பார்கள்.

ஏனோக்கு அவர்களை நாய்வண்டியில் பனி விளிம்புவரை கூட்டிப்போவான். முகத்தை மட்டும் காட்ட மாட்டான். கேமரா உயர்ந்தால் போதும், குனிந்து நாய்களின் வார்ச் சிக்கலை எடுக்கத் தொடங்கிவிடுவான். சிக்கலே இல்லாவிட்டாலும் எடுப்பான். இத்தனை வருடத்தில் ஒருத்தனுக்கும் அவன் மூஞ்சி கிடைத்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வான்.

"என் மூஞ்சிய வச்சுப் பொழைக்க வந்துட்டானுங்க. முதுக புடிச்சுக்கிட்டுப் போகட்டும்."

"முதுகு இல்லய்யா, அதுக்குக் கீழ," என்பாள் அவன் மனைவி சலோமினே. "அங்கதான் நான் ஒட்டு மேல ஒட்டாப் போட்டிருக்கேன். இனிமே ஊசி எறங்க எடமில்ல. கரடித்தோல் கொண்டா, இல்லன்னா அடுத்த குளிருக்கு வீட்டுலயே கெட."

அது விளையாட்டுப் பேச்சில்லை. கரடித்தோல் கால்சட்டை இல்லாமல் அந்தக் குளிரில் தொலைதூர வேட்டைக்குப் போக முடியாது. கடையில் விற்கிற நைலான் சமாசாரம் அரை நாளில் விறைத்துப்போகும். ஊருக்கு அந்த வருடம் சுட அனுமதித்த கரடிகளில் மிச்சமிருந்ததோ ஒன்றே ஒன்று.

அப்போதுதான் மாட்டியாஸ் என்ற கேமராக்காரன் தெற்கேயிருந்து வந்து சேர்ந்தான். வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பனியில் ஒவ்வொரு விரிசலைப் பார்க்கும்போதும் பெருமூச்சு விட்டான்.

"ஐயோ, பனி எவ்வளவு மெலிஞ்சு போச்சு!"

"தெரியும். அது மேலதான் உக்காந்திருக்கோம். வாய மூடு."

தேநீருக்கு வண்டியை நிறுத்தியதும் மாட்டியாஸ் இறங்கிப் பின்னால் போய்க் கேமராவைத் தூக்கினான். ஏனோக்கு வழக்கம்போல் குனிந்து வாருக்குள் மூக்கை விட்டான்.

"ஏனோக்! அங்க பாருங்க, கரடி!"

நிமிர்ந்தால், தூரத்துப் பனிப்பாறையின் ஓரத்தில் வாட்டசாட்டமான கரடி. ஏனோக்கு நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடினான், சுட்டான். மாட்டியாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான். தோலை உரிக்கும்போதுதான் ஏனோக்குக்குச் சுருக்கென்றது. அந்த ஊர் வழக்கப்படி கரடியை முதலில் பார்த்தவர் எவரோ, கரடி அவருடையது. தோல் அவருக்கு. சுட்டவனுக்குக் கறியில் பங்கு, அவ்வளவுதான். கைக்குழந்தை விரல் நீட்டிக் காட்டி, கரடிக்குச் சொந்தக்காரி ஆனதுகூட அங்கே உண்டு.

இந்த அழுமூஞ்சிக்கா என் தோல்? அவனுக்கு வழக்கம் தெரியாது. நாய்கள் சொல்லப் போவதில்லை. ஏனோக்கு வழி நெடுக வாயைத் திறக்கவில்லை.

கறி வெந்தது, காப்பி கொதித்தது, ஊரே ஏனோக்கு வீட்டில் கூடியது. பக்கத்து வீட்டு பெனிக்னே எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"யாரு பாத்தது?"

"வேற யாரு?" என்றான் ஏனோக்கு, மென்றுகொண்டே.

மாட்டியாஸ் அந்தப் பக்கம் கேமராத் திரையில் படங்களை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். பெனிக்னேயிடம் வந்ததும் அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். படத்தின் முன்னால், ஒட்டுப் போட்ட ஏனோக்கின் பின்பக்கம், முழுநிலா மாதிரி. அவன் தலையைக் காணோம். அதற்கு மேலே, தூரத்தில், கரடி.

"ஏனோக்கு மாமா, நீ எதால பாத்த? கண்ணாலயா, இதாலயா?"

கூரை பறக்கச் சிரித்தார்கள். பிறகு வரிசையாக வந்து மாட்டியாஸின் கையைக் குலுக்கினார்கள். விஷயத்தை விளக்கியதும் அவன் முகம் வெளிறிப்போனது.

"நானா? இல்ல, நான் பாக்கவே இல்ல! அவர்தான் பாத்தாரு. கரடியச் சுடக் காட்டிக் குடுத்தேன்னு எங்க ஊர்ல தெரிஞ்சா என்னக் கிழிச்சுருவாங்க."

"கேட்டீங்களா? கரடி கரடின்னு வருஷம் பூரா அழறானுங்க. கரடியே கையில வந்தா, பாக்கவே இல்லங்கிறான்!" என்று எகிறினான் ஏனோக்கு. "பொய் சொல்றான், வெக்கங்கெட்டவன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. சற்று முன் அவனே விட்ட பொய்தான் அது. சலோமினே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனோக்கு எழுந்து, ஈரத் தோலை இழுத்துவந்து மாட்டியாஸின் மடியில் போட்டான்.

"உன்னுது. நீதான் பாத்த."

மாட்டியாஸ் நெளிந்தான். பிறகு அவனுக்கு மூளை வேலை செய்தது.

"இது எனக்கு வேண்டாம், உங்களுக்கே தர்றேன். ஒண்ணே ஒண்ணு குடுங்க. உங்க முகம். ஒரே ஒரு படம்."

யாரும் சிரிக்கவில்லை. சலோமினே தோலின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாள். ஏனோக்கு போய்ச் சுவரோரம் நின்றான். குனிய நாய் இல்லை, வார் இல்லை. கேமராக்காரன் அவசரப்படாமல், அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

அடுத்த வருடம் வந்த கேமராக்காரி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். அதில் பக்கம் முழுக்க ஏனோக்கின் முகம். கீழே எழுதியிருந்ததை சலோமினே உரக்கப் படித்தாள்: "தலைகுனியாத வேட்டைக்காரன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏனோக்கு புதுக் கால்சட்டையைத் தடவிக்கொண்டான்.

"சூடாத்தான் இருக்கு, சனியன்," என்றான்.