முதல் உதை

என் மோட்டார் பைக்குக்கு ஒற்றை சிலிண்டர். பக்கத்து வீட்டு கதிர்வேலுவின் வண்டிக்கு இரண்டு. எது உசத்தி என்று விருத்தாசலத்து டீக்கடையில் வருடக்கணக்கில் சண்டை போட்டோம். எங்கள் தீர்ப்புக்காக உலகம் காத்திருப்பதாக நினைப்பு.

அவனுக்கு பீங்கான் பட்டறையில் கல் அரைக்கும் வேலை. சில வாரங்களாகவே அவன் உதைத்தால் வண்டி மிஸ்டு கால் கொடுத்துவிட்டு அடங்கிவிடும்.

"யோவ், ரெண்டு சிலிண்டரும் தூங்குதா?" என்றேன் ஒரு காலையில்.

"நீதான் ஒதைச்சுப் பாரேன்" என்று மூச்சிரைக்க இறங்கினான்.

அவனை இன்னும் கேலி செய்யும் ஆசையில் உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. நான் பலசாலி இல்லை. ஊறுகாய் பாட்டிலை என் மனைவிதான் திறப்பாள். கோளாறு வண்டியில் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"நல்ல வண்டிதான்யா" என்றேன்.

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே" என்று சிரித்தான்.

பிறகு தினமும் நானே உதைத்துக் கொடுத்தேன். கல்தூசி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். மழைக்காலத்துக்குள் போய்விட்டான்.

"வண்டி துருப்பிடிக்காம பாத்துக்குங்கண்ணே" என்றாள் அவன் மனைவி. வாரம் ஒருமுறை போய் உதைக்கிறேன். முதல் உதையிலேயே கிளம்புகிறது. ஒருநாளாவது அது அடம்பிடித்தால் தேவலை.