அனுமதி கேட்காத கம்ப்யூட்டர்

அழகையா அண்ணனின் பிடிவாதத்துக்குக் காரணம் ஓர் ஆணி. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், புத்தகத் தட்டு மாட்ட அவர் சுவரில் ஆணி அடித்தார். கேட்காமல் அடித்தது தப்பென்று தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பிடுங்கிப் போட்டார்கள். நாலு தலைமுறையாகக் குடியிருந்தும் லயம் கம்பெனியுடையதுதான். பேக்டரியில் எலெக்ட்ரீசியனாக இருந்த அண்ணன் அன்றைக்குச் சொன்னார்: "நான் ஒரு கம்ப்யூட்டர் செய்வேன். அதுல ஒரு வரிகூட அடுத்தவன் பூட்டி வச்சதா இருக்கக்கூடாது."

மூன்று வருஷம். பண்டாரவளை ஜஸீல் நானாவின் கடையில் பழைய லெப்டொப்புகளை வாங்கி, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளை மட்டுமே ஏற்றினார். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் ஓடவில்லை. உள்ளேயிருந்த வைஃபை அட்டைக்கு, அதைச் செய்த கம்பெனி பூட்டி வைத்த கோப்பு ஒன்று வேண்டும். வெளியில் செருகும் வைஃபை கருவியும் அதே கதை. அந்தக் கோப்பு தேவைப்படாத பழைய அட்டையைத் தேடிப்பிடித்து மாட்டினால், 'இந்த அட்டைக்கு அனுமதி இல்லை' என்று மெஷின் கிளம்பும்போதே நின்றுவிடும். அந்தத் தடையை எடுக்கப் போய் இரண்டு போர்டுகள் செத்தன. இரண்டாவது செத்த அன்று அண்ணன் அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

நான் வாசிகசாலைச் செயலாளர். வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு உதவி தரும் அமைப்பினர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அண்ணனின் மெஷினில் இன்டர்நெட் வந்தால், அதே போல் பத்து மெஷின் செய்ய உதவுவார்கள். வராவிட்டால் ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இன்டர்நெட் வரவில்லை.

"அந்த ஒரு பைலைப் போட்டுருங்கண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன் எரிச்சலோடு.

"எனக்குத் தெரியுமே தம்பி."

"பத்து மெஷினும் போயிரும். புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்தவர்கள் முன்னால் இன்டர்நெட் வந்தது. எல்லோரும் கைதட்டினோம், நான்தான் பலமாக. அண்ணன் தலை நிமிரவில்லை.

அவர் மனைவி விஜயலெட்சுமி அக்கா பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். மூன்று வருஷமாக அண்ணனைக் கேலி செய்தவர். திரையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் ஆணி அடிச்சீங்களா?" என்றார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"ஆமா" என்றார் அண்ணன்.

பத்து மெஷினுக்கும் உதவி வந்தது. அண்ணன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவர் எழுதி வைத்ததைப் பார்த்து நான்தான் செய்கிறேன். ஒவ்வொன்றிலும் கடைசியாக அந்தக் கோப்பை ஏற்றுவதும் நான்தான்.