உள் வயலுக்குப் போகும் வழி

கூத்தாநல்லூர் அப்துல் அஜீஸின் மகள் நஃபீசா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டில் யாரைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். ஷார்ஜாவில் மளிகைக் கடை பார்க்கும் கணவன் ஹஸ்ஸான் மட்டும் பொறுமையாக விவரம் கேட்டான். அவள் தொண்டை வறள விளக்கி முடித்ததும், "யாரும் பேசாத பாஷையில யாரும் படிக்காத எழுத்து. நல்ல வேலைதான், நடத்து" என்றான். நஃபீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னதில் முக்கால்வாசி சரிதான்.

நாம் எழுதுகிற நிரல் ஒரு மொழியில் இருக்கும். கணினி கடைசியில் ஓட்டுவது வேறொரு மொழி. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைமொழி உண்டு. முதல் மொழியை அதில் மாற்றவும், அதிலிருந்து கணினியின் மொழிக்குக் கொண்டுபோகவும் தனியே மென்பொருள் இருப்பதால், நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த இடைமொழியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுகிறார்கள். வந்த விருந்தாளி கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பானா என்ன? நஃபீசா பார்த்தாள். சென்னையில் முதல் வேலையில் இருந்தபோது, பஸ் டிக்கெட் நிரல் ஒன்று ஏன் நொண்டுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தேடிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனவளுக்கு அங்கிருந்த சின்னச் சின்னக் கட்டளைகள் பிடித்துப்போயின. ஒன்றை வை, அதன் மேல் இன்னொன்றை வை, இரண்டையும் ஒப்பிடு, சரியென்றால் அங்கே தாவு. வளவளப்பே இல்லாத பேச்சு. மற்றவர்கள் சாப்பாட்டு வேளையில் சீரியல் கதை பேசினால் இவள் கட்டளைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் என்று பேர் வாங்கினாள்.

அப்படிப் படித்ததில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலே, நிற்காமல், அந்த இடைமொழியில் புதிதாக ஒரு செயல்முறையை எழுதிக்கொள்ளலாம். எழுதிய கையோடு அதை ஓட்டவும் செய்யலாம். அதற்குக் கோப்பு வேண்டாம், மறுபடி நிறுவ வேண்டாம். நினைவகத்தில் பிறந்து, வேலையை முடித்து, தேவை தீர்ந்ததும் அங்கேயே கரைந்துவிடும். இதை என்றைக்காவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு ஆசை விழுந்தது. சென்னையில் அதற்கு வேளை வரவில்லை.

மகள் அனீஸா பிறந்ததும் சென்னை போதும் என்று தஞ்சாவூருக்கு வந்தாள். மருத்துவக் கல்லூரி சாலையில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்த சிங்காரவேலுவின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அறுவடை இயந்திரங்களை எந்த ஊருக்கு, எந்த வயலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் மென்பொருள் அவருடையது. டிரைவரின் போனில் அடுத்த வயல் எதுவென்று வரும். அவர் வண்டியைத் திருப்புவார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம டெல்டாவில் வயலுக்கு வயல் பாதை எங்கே இருக்கிறது? வாய்க்கால் உண்டு, வரப்பு உண்டு. வரப்பில் ஆள் நடக்கலாம், அறுவடை வண்டி போக முடியாது. ரோட்டோரத்து வெளி வயலை அறுத்தால்தான் அதன் வழியாக உள் வயலுக்கு வண்டி இறங்கும். நடவு மெஷினுக்கு இது தலைகீழ்: உள் வயலை நட்டு முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். ஆகவே முதலில் நட்டவருக்கு அறுப்பு கடைசியில்தான்.

இதன் மேல் ஊருக்கு ஊர் தனி வழக்கம் வேறு. ஓர் ஊரில் கடைமடைக்கு முதல் முறை, இன்னோர் ஊரில் சாய்ந்த பயிருக்கு. ஈரம் காயாத வயலுக்கு, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற வண்டிதான் வர வேண்டும் என்பார்கள். அந்த வழக்கத்தையும் வாரத்துக்கு வாரம் மாற்றுவார்கள். ஒவ்வொரு வயலுக்கும் விதிகளை எழுத்துக் கூட்டிப் படித்து முடிவு சொன்ன பழைய நிரல் ஆமையாக நகர்ந்தது. விதிகளை நிரலுக்குள்ளேயே பதித்தால் வேகம் வந்தது. ஆனால் ஒரு விதி மாறினாலும் எல்லாவற்றையும் நிறுத்தி, திருத்தி, மறுநாள் காலையில்தான் டிரைவர்களுக்கு அனுப்ப முடிந்தது. நஃபீசா தன் ஆசையை அங்கேதான் அவிழ்த்தாள். விதியை மாற்றி எழுதினால் போதும், ஓடுகிற நிரல் தானே அதை இடைமொழியில் வார்த்து அப்போதே ஓட்டும்படி செய்தாள்.

சிங்காரவேலுவுக்குப் பயம். நல்ல மனுஷர், ஆனால் சூடு கண்ட பூனை. "ஓடுற வண்டிக்கு அச்சாணி மாத்துறேங்கிறியேம்மா. இந்தச் சம்பா அறுப்பு வரைக்கும் வச்சுப் பார்ப்போம். ஒரு தடவை விழுந்துச்சுன்னாலும் எடுத்துடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். எடுத்துவிட்டால் வருத்தப்படுவாள் என்பது இருவருக்குமே தெரியும். இத்தனை வருஷத்தில் இது ஒன்றுதான் அவளுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை.

தை பிறந்து அறுப்பு களைகட்டும் வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. மழை வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்ன ஒரு நாள், காலையிலேயே அலுவலகத்தில் போன் அடித்தது. எடுத்தது நஃபீசா.

"எந்த எருமை மாடும்மா அங்க கணக்குப் போடுறது?" என்றது ஒரு பெண் குரல்.

"நான்தாங்க" என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. "நீயா? சரி, அப்ப நீயே கேளு." பேசியது பிரகதாம்பாள், நன்னிலம் பக்கம் உள் வயல் ஒன்றைக் குத்தகைக்குச் செய்கிறவர். அவர் வயலை அறுக்கச் சொல்லி டிரைவர் ராஜ்குமாருக்கு உத்தரவு வந்திருக்கிறது. வண்டியும் வந்துவிட்டது. ஆனால் முன்னால் இருக்கும் வீரையனின் வெளி வயலில் பயிர் அப்படியே நிற்கிறது. அதை மிதித்துக்கொண்டா போக முடியும்? ராஜ்குமார் சேலம் பக்கத்து ஆத்தூர்க்காரர், இந்த ஊர் நடப்பு தெரியாதவர். வரப்பு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, போனில் வேறு உத்தரவு வராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன் என்கிறார். "தெக்கால கருக்குதும்மா. சாயங்காலம் மழை இறங்குச்சுன்னா என் நெல்லு வயல்லயே முளைச்சிடும். நான் போனை வைக்க மாட்டேன். வச்சா நீ மறந்துடுவ."

நஃபீசா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். திரையில் வீரையனின் வயலுக்கு நேரே 'அறுப்பு தொடங்கியாயிற்று' என்று இருந்தது. அறுப்பு தொடங்கினால் ஒரு பொழுதுக்குள் வண்டி முடித்துவிடும், ஆகவே மறுநாள் உள் வயலுக்கு வழி திறந்துவிட்டது என்று கொள்ளலாம். அவள் வார்த்த விதி அப்படித்தான் சொன்னது. அந்த ஊரில் மட்டுமில்லை, அந்த வட்டாரம் முழுக்க வெளி வயல்காரர்கள் ஒரே நாளில் தொடங்கியதாகப் பதிந்திருந்தார்கள்.

"பயிர் நிக்கிறப்ப ஏங்க தொடங்கியாச்சுன்னு போட்டாரு?" என்று கேட்டாள்.

"புதிர் எடுத்துட்டாரேம்மா!" என்றார் பிரகதாம்பாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

பக்கத்தில் நின்ற சிங்காரவேலு தலையில் அடித்துக்கொண்டார். அவர் வீட்டிலும் உண்டு. நல்ல நாள் பார்த்து, ஒரு கைப்பிடிக் கதிரை அரிவாளால் அறுத்து வந்து சாமி முன்னால் வைத்துப் படைப்பார்கள். புதிர் எடுப்பது என்று அதற்குப் பேர். வண்டி என்றைக்கு வந்தாலும் சரி, அறுப்பு அன்றைக்குத் தொடங்கியதாகத்தான் கணக்கு. நல்ல நாளில் தொடங்கிய காரியத்தை இன்னும் தொடங்கவில்லை என்று எந்த விவசாயி வாயால் சொல்வான்? வீரையன் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்ததால்தான் நஃபீசாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"நிறுத்திடும்மா" என்றார் சிங்காரவேலு. "பழைய முறைக்கே போயிடுவோம். திருத்தி, நாளைக்குக் காலையில அனுப்பிக்கலாம்."

"நாளைக்கு நெல்லு தண்ணியில கிடக்கும் சார்."

"தெரியாத இடத்துல கை வச்சு மொத்தமும் படுத்துடுச்சுன்னா? இந்த ஒரு ஊர் இல்ல, எல்லா ஊர் வண்டியும் நிக்கும்."

"படுக்காது சார். கொஞ்சம் இருங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உதவி செய்வதற்காக உட்கார்ந்ததாகத் தெரியவில்லை, விழுந்தால் பிடுங்கிவிடத்தான். நஃபீசா புதிய விதியை எழுதினாள்: வெளி வயல்காரர் தொடங்கியதாகச் சொன்னால் போதாது, அந்த வயலை முடித்துவிட்டதாக டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். முடிக்காவிட்டால் முதலில் வெளி வயல், அடுத்து உள் வயல். நிரல் அதை வாங்கி இடைமொழியில் வார்த்தது. சோதனைக்கு ஓட்டினாள்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. செல்லாத நிரல் என்ற ஒற்றை வரி. எங்கே தப்பு, எந்த இடத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. இடைமொழியின் குணமே அப்படி, பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"விழுந்துடுச்சுல்ல?" சிங்காரவேலு எழுந்துவிட்டார்.

"விழலைங்க சார். புதுசை வாசல்லயே நிறுத்தியிருக்கேன். அது சோதனையில தேறுற வரைக்கும் பழைய விதிதான் ஓடிக்கிட்டிருக்கும். எந்த வண்டியும் நிக்கலை, பாருங்க."

அவர் பார்த்தார். மற்ற ஊர்களில் வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. உட்காரவும் இல்லை, போகவும் இல்லை, நின்றார்.

"ஏம்மா, இன்னும் இருக்கியா?" என்றது மேஜை மேலிருந்து. "ராஜ்குமாரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு."

"அவர்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுங்கம்மா. இதோ ஆச்சு" என்றாள் நஃபீசா.

ஒரு தாளை எடுத்தாள். கட்டளை ஒவ்வொன்றும் மதிப்புகளை ஓர் அடுக்கின் மேல் வைக்கும், மேலிருந்துதான் எடுக்கும். முடிவில் விடை ஒன்று மட்டுமே மிஞ்ச வேண்டும், கூட ஒன்று கிடந்தாலும் செல்லாது. வரி வரியாகப் பேனாவால் வைத்தும் எடுத்தும் போனாள். தலைக்குள் கூச்சல். பிறகு, நாளெல்லாம் வரப்பும் வயலுமாகவே கேட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அந்த அடுக்கே அவளுக்கு வயல் வரிசையாகத் தெரிந்தது. முதலில் உள்ளே போனது கடைசியில்தான் வெளியே வரும். முன்னால் நிற்பது நகராமல் அது வர முடியாது. அப்படியானால் யார் இன்னும் உள்ளே நிற்கிறார்கள்?

பிரகதாம்பாளின் வயல்தான் நின்றது. உள் வயலின் எண்ணை முதலில் அடுக்கில் வைத்திருந்தாள். வெளி வயல் முடியவில்லை என்றால், வெளி வயலின் எண்ணை அதன் மேல் வைத்து அதையே விடையாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்படி எழுதியிருந்தாள். அடியில் இருந்த உள் வயலை அந்த வழியில் யாருமே எடுக்கவில்லை. நிரலிலும் அந்த அம்மாளின் வயலைத்தான் உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது நஃபீசாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

வெளி வயலை வைப்பதற்கு முன்னால், அடுக்கின் மேலிருப்பதை எடுத்துப் போடு என்று ஒரே ஒரு கட்டளை சேர்த்தாள். நிரல் மறுபடி வார்த்தது. இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. முந்தின நாள் வயல்களைக் கொடுத்துச் சோதித்தாள், வரிசை சரியாக வந்தது. பழைய விதி இருந்த இடத்தில் புதியதைப் பொருத்தினாள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. வட்டாரம் முழுக்க டிரைவர்களின் போனில் அடுத்த வயல் மட்டும் மாறியது.

மேஜை மேலிருந்த போனில் வண்டிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. "ஏய், வீரையன் வயல்ல இறங்கிட்டாரும்மா!" என்று பிரகதாம்பாள் கத்தினார். அதோடு இணைப்பும் போய்விட்டது. வைக்க மாட்டேன் என்றவர் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சிங்காரவேலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "விழலைதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அடுத்து நடவு மெஷினுக்கும் இதையே போட முடியுமா?" என்று கேட்டார்.

"போடலாம் சார்" என்றாள். கண் கலங்கியதை மறைக்க அவள் முயலவில்லை. சந்தோஷத்தில் அழுவதற்கு எதற்கு மறைப்பு?

ஆனாலும் அன்றைக்கு அவளால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். வெளி வயல் முடிந்தது என்று வந்தது. தஞ்சாவூர் வானமும் கறுத்தது. உள் வயல், அறுப்பு நடக்கிறது என்றே வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரி மாறுவதற்கு முன்பே சாலையில் மழை இறங்கிவிட்டது. நன்னிலத்தில் இறங்கியிருக்கக் கூடாதே என்று வாய்விட்டே துஆ கேட்டாள்.

போன் அடித்தது. எடுத்தால் பேச்சே கேட்கவில்லை, தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி இரைச்சல்.

"ஹலோ? அம்மா? என்ன ஆச்சுங்க?"

"கேக்குதா?" என்று கத்தினார் பிரகதாம்பாள். "நல்லாக் கேளும்மா. மழை! கொட்டகை மேல அடிக்குது. நெல்லு உள்ள இருக்கு, நான் அதுமேலதான் உக்காந்திருக்கேன்."

"கேக்குதுங்கம்மா" என்றாள் நஃபீசா. அந்த மழையை அவள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.