முதலில் காருக்கு அடியில், பிறகு தேத்தண்ணி

என் மனைவி றுமைஸாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் இவ்வளவு பிடிவாதக்காரியாக ஆனதற்குக் காரணம் நான் குடித்த ஒரு கோப்பைத் தேத்தண்ணி.

எங்கள் ஆட்கள் சொந்தத்துக்குள் வாகனம் வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. போய் சலாம் சொல்லிக் கதிரையில் உட்கார வேண்டும். தேத்தண்ணி வரும். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வாகனத்தைத் தட்டிப் பார்ப்பது வீட்டுக்காரரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதைப் போல. குடிக்காமல் எழுந்து வந்தால் அதைவிட மோசம். ஏழு வருஷத்துக்கு முன் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரிடம் பழைய வேன் வாங்கப் போன நான், இன்னும் கொஞ்சம் சீனி கேட்டு வாங்கி ஆறுதலாகக் குடித்தேன். வேனைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. என் பரிசோதனை அவ்வளவுதான்.

அந்த வேனில் றுமைஸா கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினாள். ஒரு நாள் காலை, பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்த நேரம், ஷஹ்மா என்ற சின்னப் பிள்ளை பின் சீட்டிலிருந்து எழுந்து நின்றாள். காலடியில் துருப்பிடித்த தகரம் உடைந்து கால் முழங்கால் வரை கீழே போய்விட்டது. வேகம் இல்லாததால் சிராய்ப்போடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். றுமைஸா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவிலேயே நின்றாளாம். அன்று அவள் வீட்டுக்கு வந்தாள். பின்னால் வந்த பஸ் ஏறி நசுங்கிய அந்தச் சின்னச் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டுச் சோறாக்கக் குசினிக்குள் போனாள். அதற்குப் பதிலாக என்னை நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேன் பழைய இரும்புக்குப் போனது. வேறு ஆளாக இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். இவள் புதிதாக ஒன்றைத் தொடங்கினாள். இப்போது கண்டிப் பக்கம் கல்யாணங்களுக்குப் பழைய கார் கேட்கிறார்கள். பொண்ணை ஏற்றிப் போகும் ட்ரைவரும் ஒரு பெண் என்றால் எத்தனை உம்மாமார் சந்தோஷப்படுவார்கள் என்பது அவள் கணக்கு. அவளுடைய வாப்பா வழியில் கிடைத்த காணித்துண்டை விற்றாள். விற்க இன்னொரு காணி கிடையாது. கார் சரியாக அமைந்தால் அவளுக்கென்று ஒரு தொழில் உண்டு. ஓட்டைக் காராக அமைந்தால் எல்லாம் போச்சு.

ஆகவே அவள் கராஜுக்குப் போனாள். வாங்க அல்ல, துரு பிடித்த கார்களைப் பார்க்க. டிங்கரிங் வேலை செய்யும் வீரையா தகரம் வெட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பாள். "சேர், இந்த அம்மா இன்னும் ரெண்டு நாள் வந்தாங்கன்னா நான் கராஜ எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்" என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

அந்த நேரத்தில்தான் அலவத்துகொடவிலிருந்து செய்தி வந்தது. என் உம்மாவின் நானா ஹுஸைன் மாமா தன் பழைய மொறிஸ் மைனர் காரை விற்கப் போகிறாராம். இளம்பச்சை நிறம். ஊரில் அந்தக் காருக்கு அவரைவிட மரியாதை. "கடக்காத்துப் படாத வண்டி, துரு ஏறாது" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் உள்ளும் புறமும் பைப்பால் அடித்துக் கழுவுவார்.

போகும் வழியில் நான் கெஞ்சினேன். "மாமாட வீட்டுல போய் காருக்கு அடியில படுக்காதீங்க. மானம் போகும்."

"மானத்த நான் பாத்துக்கொள்றேன். நீங்க தேத்தண்ணியில கை வெக்காம ஈந்தாப் போதும்."

மாமி ஹவ்வா உம்மா இஞ்சி போட்ட தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். பழக்க தோஷம், என் கை நீண்டது. றுமைஸா பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பி வந்தது.

"மாமா, கொற நெனக்காதீங்க. நான் மொதல்ல காரப் பாத்திட்டு வாறேன். அந்தக் கானுக்கு மேல கொண்டுவந்து நிப்பாட்டித் தருவீங்களா?"

மாமாவின் முகம் சிவந்தது. "என்ட காருக்குக் கீழயா? ஒன்ட புருஷனப் பெத்தவ என்ட கூடப் பொறந்தவ, தெரியுந்தானே?"

"தெரியும் மாமா. அதாலதான் கேட்டுப் பாக்கிறேன்."

அவர் கோபத்திலேயே காரை எடுத்து, வாசலோரம் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டி, அப்போது காய்ந்து கிடந்த கானின் மேல் நிறுத்தினார். றுமைஸா அபாயாவுக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சோடு கானுக்குள் இறங்கினாள். பெயின்டில் கீறல் படாமல் இருக்க என் காலுறைக்குள் போட்ட காந்தம் ஒன்றை வைத்திருந்தாள். கதவுகளில் அது ஒட்டியது. கதவுக்குக் கீழே நீளும் படியில் சறுக்கி விழுந்தது. திரும்ப வைத்தாள், திரும்ப விழுந்தது. அங்கே தகரம் இல்லை. ஓட்டையை மறைக்கப் பூசி மினுக்கிய பட்டிக் களிம்புதான் இருந்தது.

மேலே வந்து முன்கதவைத் திறந்து தரைவிரிப்பைப் பிடித்தாள்.

"அத எடுக்காதே! முப்பது வருஷமா அப்படியே ஈக்கி!" என்று மாமா கத்தினார்.

எடுத்தாள். கீழே தேங்காய்த் தும்புப் பாய், அதன் கீழே இன்னொரு தும்புப் பாய். சப்பாத்துச் சேறு தகரத்தில் படக்கூடாதென்று மாமா ஆசையாகப் போட்டு வைத்தது. அந்தக் கிழமை முழுக்க மழையே இல்லை, ஆனாலும் பாயைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவிய தண்ணீரை அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாயைத் தூக்கியபோது தரையில் பாதி அதோடு சேர்ந்து வந்தது. முன்சீட்டுக்குக் கீழே கான் தெரிந்தது.

"மாமி எப்பவும் இந்தப் பக்கந்தானே ஈக்கிற?" என்று றுமைஸா கேட்டாள்.

கிழமைக்கொரு தரம் மாமியை அந்தச் சீட்டில் உட்கார வைத்துத்தான் மாமா கண்டிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்.

"நல்ல காரக் குத்தி ஓட்டையாக்கிட்டே" என்றார் மாமா. குரலில் பழைய பலம் இல்லை.

"நான் குத்தல்ல மாமா. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் சாரத்தை மடித்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். சீட்டைப் பூட்டியிருந்த ஆணியின் பக்கத்தில் விரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

வாசலில் நின்ற மாமிதான் பேசினார். "அப்ப நான் இவ்வளவு காலமும் தும்புப் பாய்லயா கண்டிக்குப் போன?"

"எனக்கு இது சரிவராது மாமா. மாமிய இனி இதுல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு றுமைஸா கையைக் கழுவினாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடிக்கும்படி யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். கட்டுகஸ்தோட்டை வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த காரையும் இப்பிடித்தான் பாப்பேன்" என்றாள்.

பார்த்தாள். பேராதனையில் ஒன்று, மாத்தளையில் இரண்டு, எல்லாம் வேண்டாம் என்று வந்தாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஹுஸைன் மாமாவிடமிருந்து இரண்டு மாதம் சத்தமே இல்லை. அந்த உறவு அறுந்தது என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய நம்பரிலிருந்து கோல் வந்தது. "றுமைஸாக்கிட்டக் குடு" என்றார். எனக்கு சலாம்கூட இல்லை.

"மகள், நான் கம்பளையில ஈக்கிறேன், என்ட கூட்டாளிட ஊட்டுல. கறுப்பு மைனர் ஒண்டு விக்கிறாராம். தரவிரிப்பெல்லாம் நானே கழட்டி வெச்சீக்கிறேன். இவங்க மூணு தரம் தேத்தண்ணி ஊத்திட்டாங்க. நான் இன்னும் வாய் வெக்கல்ல. கெதியா வா."

நாங்கள் போய்ச் சேரும்போது மாமா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று கோப்பைகள். வீட்டுக்காரரின் முகம் பார்க்கும்படியாக இல்லை. முப்பது வருஷச் சிநேகிதமாம். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

றுமைஸா காருக்கு அடியில் முக்கால் மணிநேரம் இருந்தாள். காந்தம் ஒட்டுவதும் விடுவதும் எங்களுக்குக் கேட்டது. பின் டயர்ப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் சோக்கட்டியால் வட்டம் போட்டாள். உள்ளங்கை அகலத் துரு, வீரையா அரை நாளில் வெட்டி ஒட்டிவிடுவார். வெளியே வந்தபோது தலையிலிருந்து கால் வரை மண். மாமா பரீட்சை மறுமொழிக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அவளையே பார்த்தார்.

"மாமா, தேத்தண்ணியக் குடிங்க" என்றாள்.

ஆறிப்போன அந்த மூன்று கோப்பையையும் அவர் ஒன்று விடாமல் குடித்து முடித்தார்.