டைனிங் ஹால் சுவரில் அம்மா

'வார்ம்த்' வேண்டுமாம். 'பர்சனாலிட்டி'யும் வேண்டுமாம். எதற்கு? சாப்பிடுகிற அறைக்கு!

மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் என் அம்மா சமையல் செய்கிறார். அதற்கு முன் இருபது வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். போன வாரம் அங்கே புது டைனிங் ஹால் திறப்பு. "நீங்க பத்திரிகையில எழுதறவங்க, கட்டாயம் வரணும்" என்று ஓனரே போன் செய்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பின்வாசலில் நுழைகிற இடத்துக்கு எனக்கு முன்வாசலில் வரவேற்பு... விடுவேனா? போனேன்.

பெங்களூர் டிசைனர் ஒருவர் மாதக்கணக்கில் யோசித்திருக்கிறார். பழம் பறிக்கிற கூடைகள் கவிழ்ந்து, விளக்காகத் தொங்கின. சாக்கு, மேஜை விரிப்பாகியிருந்தது. அறை முழுக்க மங்கலான மஞ்சள் வெளிச்சம் – தட்டில் இருப்பது கறியா, கறிவேப்பிலையா என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

நடுச்சுவரில் யார்? என் அம்மா!

கூடையோடு நிற்கச் சொல்லி எப்போதோ எடுத்த போட்டோ. இதற்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆளுயர ஃபிரேம். அதைச் சுற்றி செவ்வந்தி மாலை. கீழே குட்டியாக ஒரு பல்ப். டிசைனருக்கு அது 'வார்ம்த்'. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

சென்னையிலிருந்து வந்திருந்த பெண்மணி படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடமே கேட்டார்: "பாவம்... எப்ப தவறிப்போனாங்க?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கரண்டி நின்றது.

"தவறலீங்க. காலையில ஆறு மணிக்கே வந்து இந்தச் சாம்பாரை வெச்சவளே நாந்தானுங்க."

பெண்மணிக்குப் புரையேறிவிட்டது. அம்மா நேராக ஓனரிடம் போனார். "ஏனுங்க சார், உசுரோட இருக்கறவளுக்கு மாலை போட்டிருக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா? எங்க ஊட்டுக்காரர் பார்த்தா நெஞ்சு வெடிச்சுப்போவாருங்க. எறக்கிருங்க."

"என்னம்மா நீ... இது உனக்கு மரியாதை! ரூமுக்கே ஒரு பர்சனாலிட்டி வந்திருக்கு."

மரியாதையா? அந்த வீட்டு மேஜையில் அம்மா ஒருநாள்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வேலை செய்கிறவர்களைச் சுவரில் மாட்டினால் அறைக்குக் கதகதப்பு வந்துவிடும். நாற்காலியில் உட்காரவைத்தால் மட்டும் போய்விடும் போலிருக்கிறது!

நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு கண்ணு" என்றார் அம்மா. கரண்டியை அந்தச் சாக்கு விரிப்பின் மேலேயே வைத்தார்.

"இது எறங்கற வரைக்கும் அடுப்பு எரியாதுங்க."

சோறு பாதி, பொரியல் பாதியாக அத்தனை விருந்தாளிகளும் ஓனரைப் பார்த்தார்கள். டிசைனர் "கான்செப்டே இதுதான்..." என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. பசிக்கு முன்னால் கான்செப்டாவது ஒன்றாவது! ஓனரே நாற்காலி மேல் ஏறிப் படத்தை இறக்கினார்.

"சுவரே வெறிச்சுன்னு ஆயிடுச்சு. இனி இங்க என்னத்த மாட்டறது?" என்று அங்கலாய்த்தார்.

அம்மா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க போட்டோவை மாட்டுங்க சார்... மாலை நொம்ப நல்லா நானே கட்டித் தர்றனுங்க."

இப்போது அங்கே ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்களாம் – மாலை இல்லாமல்!